ஸ்டவுட்டில் சாக்லேட்டாம், எங்கே?

வாசகர் கேள்வி, 4 நவம்பர் 2023

"ஓல்ட் ரஸ்புடின் ஸ்டவுட் பற்றி நீங்கள் எழுதியதை நம்பி நாலு பாட்டில் வாங்கினேன். சாக்லேட், காபி, உலர்ந்த பழம் என்று அடுக்கியிருந்தீர்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: கருகல். அடிப்பிடித்த பாத்திரத்தைக் கழுவிய தண்ணீர் மாதிரி. இந்தச் சாக்லேட் கதையெல்லாம் ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் எழுதுவதுதானே?"

4 நவம்பர், இரவு 10.40

புதிதாக வருகிறவர்களுக்கு: ஸ்டவுட் என்பது கறுப்பு பீர், ஓல்ட் ரஸ்புடின் அதில் ஒரு அமெரிக்கச் சரக்கு. இனி கேள்விக்கு: பாதி உண்மை. பீர் பற்றி எழுதுகிறவர்கள், நானும்தான், முதலில் லேபிளைப் படிக்கிறோம். அப்புறம் நாலு பேர் எழுதியதைப் படிக்கிறோம். அதற்கும் அப்புறம்தான் மூடியைத் திறக்கிறோம். அதற்குள் நாக்குக்குப் பாடம் நடத்தி முடித்தாகிவிட்டது. சாக்லேட் வராமல் என்ன செய்யும்?

மீதிப் பாதிக்குப் போகுமுன் இரண்டு விஷயம் தெரிய வேண்டும். எவ்வளவு குளிர்ச்சியாகக் குடித்தீர்கள்? எதில் ஊற்றிக் குடித்தீர்கள்?

5 நவம்பர்

பதில் வந்துவிட்டது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து, பாட்டிலோடு, உலகக் கோப்பை மேட்ச் பார்த்துக்கொண்டே.

வழக்கு தள்ளுபடி.

6 நவம்பர்

நேற்று எழுதியது திமிராக இருந்தது என்று ஒருவர் தனியாகச் சொன்னார். சரி, விளக்கமாகவே எழுதுகிறேன்.

ஃபிரிட்ஜுக்குள் 4 டிகிரி. அந்தக் குளிரில் வாசனை மேலே எழும்பாது. இனிப்பும் அமுங்கிப்போகும். கசப்பும் கருகலும் மட்டும் அசையாமல் நிற்கும். உங்களுக்குக் கிடைத்தது அதுதான். நீங்கள் பொய் சொல்லவில்லை, உங்கள் நாக்கும் பொய் சொல்லவில்லை. இந்த மாதிரி 9 சதவீத ஆல்கஹால் உள்ள ஸ்டவுட்டை 10 முதல் 13 டிகிரியில் குடிக்க வேண்டும். தெர்மாமீட்டர் எல்லாம் வேண்டாம். வெளியே எடுத்து வைத்துவிட்டு ஒரு இன்னிங்ஸில் பதினைந்து ஓவர் பாருங்கள், அப்புறம் திறங்கள்.

பாட்டிலோடு குடித்தால் மூக்குக்கு வேலையே இல்லை. நாம் சுவை என்று சொல்வதில் பெரும்பங்கு மூக்கு செய்வது. ஜலதோஷம் பிடித்த நாளில் ரசம் எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள்.

7 நவம்பர்

கிளாஸ் பற்றி இன்னொருவர் கேட்டார்: "நம்ம எவர்சில்வர் டம்ளர் போதாதா?"

செய்து பார்த்திருக்கிறேன். டபராவோடு. ஆற்றிக்கூடப் பார்த்தேன், நுரை நன்றாக வந்தது, பீர் செத்துப்போனது. டம்ளரின் வாய் விரிந்திருப்பதால் வாசனை நாலா பக்கமும் ஓடிவிடுகிறது. நிறமும் தெரியாது. வயிறு பருத்து வாய் குறுகிய கிளாஸ் எதுவானாலும் சரி. பிராந்தி கிளாஸ் இருந்தால் நல்லது.

ஊற்றும் விதம்: கிளாஸைச் சாய்த்துப் பாதி வரை ஓரமாக ஊற்றி, நிமிர்த்தி மீதியை நடுவில் விடுங்கள். ஓல்ட் ரஸ்புடினில் நுரை வெள்ளையாக வராது. இரண்டாம் டிகாக்‌ஷனில் பால் கலந்த நிறத்தில், இரண்டு விரல் உயரத்துக்கு, சின்னச் சின்னக் குமிழிகளாக நிற்கும். குடிக்கக் குடிக்கக் கண்ணாடியில் வளையம் வளையமாக ஒட்டிக்கொண்டே இறங்கும். கிளாஸுக்குப் பின்னால் செல்போன் டார்ச்சை வைத்துப் பார்த்தேன், நடுவில் ஒளி புகவே இல்லை. அடி ஓரத்தில் மட்டும் நாவல்பழச் சாறு மாதிரி ஒரு கீற்று சிவப்பு.

இப்போது குடிக்காதீர்கள். கிளாஸை உள்ளங்கையால் மூடி இரண்டு சுற்று சுழற்றி, கையை எடுத்ததும் குட்டிக் குட்டியாக மூன்று முறை மோந்து பாருங்கள். நீளமாக இழுத்தால் ஆல்கஹால் மூக்கில் ஏறி மற்றதையெல்லாம் மறைத்துவிடும். முதலில் மனசில் வரும் சொல்லை எழுதி வையுங்கள். அது என்ன சொல்லாக இருந்தாலும். "சாக்லேட்" என்று எழுத வேண்டும் என்பது சட்டமில்லை.

முதல் வாய்க்கு மதிப்பெண் போடாதீர்கள். முதல் வாய் எப்போதும் கருகலைத்தான் சொல்லும். மூன்றாம் நான்காம் வாயில் நாக்கு கசப்புக்குப் பழகிய பிறகுதான் பின்னால் நிற்பவை வெளியே வரும். விழுங்கத்தான் வேண்டும். ஒயின்காரர்கள் மாதிரித் துப்பினால் இதில் வேலைக்காகாது, ஏனென்றால் கசப்பு தெரிவது நாக்கின் பின்புறத்தில்தான்.

9 நவம்பர்

சாக்லேட் எங்கிருந்து வருகிறது என்ற உங்கள் அசல் கேள்விக்கு இப்போதுதான் வருகிறேன். ஓல்ட் ரஸ்புடினில் கோகோ இல்லை, காபித்தூள் இல்லை, திராட்சை இல்லை. எல்லாம் பார்லிதான். முளைகட்டிக் காயவைத்த பார்லியை, அதாவது மால்ட்டை, 200 டிகிரிக்கு மேல் வறுத்தால் என்ன ஆகுமோ அதுதான். கோகோவும் காபியும்கூட வறுத்த கொட்டைகள்தானே. சர்க்கரையும் புரதமும் சூட்டில் சேர்ந்து சிவக்கிற அதே வேதியியல், மூன்றிலும் சில வாசனை மூலக்கூறுகள் பொதுவாகவே இருக்கின்றன. பிரெஞ்சுக்காரர் மையார் 1912இல் இதை விவரித்தார் என்பதால் அவர் பெயர்தான் இந்த வினைக்கு. தோசையின் முறுகலும் இதே சங்கதி.

"சாக்லேட் மால்ட்" என்று ஒரு சரக்கு உண்டு. அதில் சாக்லேட் கிடையாது, நிறத்தை வைத்து வந்த பெயர்.

1817இல் லண்டனில் டேனியல் வீலர் என்பவர் காபி வறுக்கும் உருளையைப் போன்ற இரும்பு உருளையில் மால்ட்டைக் கருக்க வறுத்துக் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன்னால் ஸ்டவுட்டின் மூதாதையான போர்ட்டர் பீர் பழுப்பாகத்தான் இருந்தது. நாம் இன்று குடிக்கும் கறுப்பு அந்த உருளையிலிருந்து வந்தது. ஆகவே ஸ்டவுட்டில் காபி வாசனை என்று சொல்கிறவர் முழுப் புளுகர் இல்லை. பாத்திரமே கிட்டத்தட்ட ஒன்றுதான்.

உலர்பழ வாசனை வேறு கணக்கு. கருஞ்சிவப்பாக்கிய கேரமல் மால்ட்டிலிருந்து கொஞ்சம், ஈஸ்ட் உண்டாக்கும் எஸ்டர் என்ற பழவாசனைச் சேர்மங்களிலிருந்து கொஞ்சம், பாட்டிலில் வயசானால் காற்று படுவதிலிருந்து கொஞ்சம்.

10 நவம்பர், திருத்தம்

7ஆம் தேதி "கசப்பு நாக்கின் பின்புறத்தில்தான்" என்று எழுதியது தப்பு. பள்ளிப் புத்தகத்தில் பார்த்த நாக்கு வரைபடம் மண்டையை விட்டுப் போகவில்லை. எல்லாச் சுவையும் நாக்கு முழுக்கத் தெரியும். ஆனாலும் விழுங்கச் சொன்னது சரிதான், காரணம்தான் வேறு: விழுங்கிவிட்டு மூக்கு வழியாக மூச்சை விடும்போது தொண்டைப் பக்கத்திலிருந்து வாசனை மேலே ஏறுகிறது. பாதிச் சங்கதி அங்கேதான் கிடைக்கிறது. சுட்டிக்காட்டிய பல் டாக்டருக்கு நன்றி.

12 நவம்பர், தீபாவளி

ஒரு வரிதான். காலையில் வெறும் வயிற்றில் லேகியம் சாப்பிட்டேன். கறுப்பு, வெல்லப்பாகு, மிளகு, சுக்கு, அடித்தொண்டையில் கசப்பு, நெஞ்சுக்குள் இறங்கும் சூடு. பதினைந்து வருஷமாக இம்பீரியல் ஸ்டவுட்டுக்கு, அதாவது ஓல்ட் ரஸ்புடின் மாதிரி வலுவான ஸ்டவுட்டுக்கு, "டார்க் சாக்லேட், எஸ்பிரெஸ்ஸோ" என்று எழுதிக்கொண்டிருக்கிறேனே, புத்தி எங்கே போயிருந்தது?

13 நவம்பர்

நேற்றைய வரியை நிறைய பேர் பிடித்துக்கொண்டார்கள். யோசித்துப் பார்த்தால் விஷயம் இதுதான். பீர் குறிப்புகளில் அடிக்கடி வருகிற பிரௌனியை நான் சின்ன வயசில் தின்றதில்லை. மொலாசஸ் என்றால் என்னவென்றே தெரியாது. ஓக் பீப்பாயை இருபத்தெட்டு வயசில்தான் பார்த்தேன். எனக்குள் இருப்பது வேறு: சிக்கரி தூக்கலாகப் போட்ட டிகாக்‌ஷன், கருப்பட்டிக் காபியின் புகை, பாகுப் பதம் தவறிய அதிரசம், வாணலியில் கவனிக்காமல் விட்ட பொரிகடலை, பேரீச்சம்பழத்தைப் பிசைந்த கை. ஓல்ட் ரஸ்புடினை மோந்தால் எஸ்பிரெஸ்ஸோ வருகிறதா சிக்கரி வருகிறதா என்று என்னைக் கேட்டால், சத்தியமாகச் சிக்கரி.

துவர்ப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க நண்பர்கள் பலரும் கசப்பையும் துவர்ப்பையும் போட்டுக் குழப்புவார்கள். "பிட்டர்" என்பார்கள், கூர்ந்து கேட்டால் வாய் வறண்டு பல் உரசுவதைச் சொல்கிறார்கள். நமக்கு வாழைப்பூவும் பாக்கும் கடுக்காயும் தெரியும். அறுசுவையில் தனி நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறோம். கறுப்பு மால்ட்டின் உமியை ரொம்பச் சூடான, காரத்தன்மையுள்ள தண்ணீரில் அலசினால் வரும் துவர்ப்பு பீரில் ஒரு குறை. அதைக் கண்டுபிடிப்பதில் நாம் ஒரு படி முன்னால் இருக்கிறோம் என்று நினைக்கிறேன்.

15 நவம்பர்

கோவையிலிருந்து கேள்வி: "இங்கே ஸ்ட்ராங் பீர் 8 சதவீதம் வரை வருகிறது. உங்கள் ஸ்டவுட் 9. ஒரு சதவீதத்துக்கு இவ்வளவு அலட்டலா?"

போதையில் பெரிய வித்தியாசம் இல்லை. பீரின் கனத்தில்தான். நம் ஊர் ஸ்ட்ராங் பீரில் சர்க்கரையோ அரிசியோ சேர்த்துப் புளிக்க வைப்பார்கள். ஈஸ்ட் அதைத் துடைத்துத் தின்றுவிடும், மிஞ்சுவது ஆல்கஹாலும் தண்ணீரும். இம்பீரியல் ஸ்டவுட்டில் புளித்து முடிந்த பிறகும் மால்ட் சர்க்கரை நிறைய மிஞ்சும். தண்ணீரின் அடர்த்தி 1.000 என்றால் இது 1.018 முதல் 1.030 வரை நிற்கும். வாயில் கனமாக, நல்லெண்ணெய் மாதிரி உருளும். அந்த இனிப்பைத் தாங்கத்தான் அவ்வளவு கசப்பு. கசப்பை அளக்கும் ஐபியூ கணக்கில் ஓல்ட் ரஸ்புடின் 75.

ஆனால் அளவு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 355 மில்லி பாட்டில், 9 சதவீதம்: 32 மில்லி சுத்த ஆல்கஹால். சாதாரண 5 சதவீத பீரில் கிட்டத்தட்ட 18. ஆக ஒரு பாட்டில் என்பது கிட்டத்தட்ட இரண்டு. நான் பாதி குடித்து மீதியை மனைவி கண்ணில் படாமல் வைப்பதில்லை. பாதியை நண்பருக்குத் தருகிறேன்.

18 நவம்பர்

மதிப்பெண் எப்படிப் போடுவது என்று மூன்று பேர்.

பீர் நடுவர்களுக்குச் சான்று தரும் அமெரிக்க அமைப்பு பிஜேசிபி. அவர்கள் தாளில் மொத்தம் 50. வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணர்வதற்கு 5, ஒட்டுமொத்தத்துக்கு 10. கவனியுங்கள்: இன்ஸ்டாகிராமில் போடும் அழகுக்கு வெறும் மூன்று. 38க்கு மேல் போனால் மிக நல்லது, 45க்கு மேல் அபூர்வம். நான் வாழ்நாளில் 45ஐத் தாண்டிப் போட்டது இரண்டு முறை. அதில் ஒன்று மழை நாளில்.

அவர்கள் வைக்கும் நடுவர் பரீட்சையும் எழுதியிருக்கிறேன். 90 நிமிடத்தில் ஆறு பீர், பெயர் சொல்ல மாட்டார்கள், வகை மட்டும் சொல்வார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் எழுத வேண்டும். நான் வாங்கியது 66. கடைசி பெஞ்சில் பாஸ்.

பிடித்திருக்கிறதா என்பது வேறு, அந்த வகைக்குப் பொருந்துகிறதா என்பது வேறு. தாள் கேட்பது இரண்டாவதை. நான் முதலாவதையும் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைப்பேன்.

19 நவம்பர்

மேட்ச் பற்றி யாரும் பேச வேண்டாம்.

25 நவம்பர்

அமெரிக்க நன்றி நவிலல் (தேங்க்ஸ்கிவிங்) விடுமுறை. இன்று சமைக்க வேண்டியது நான் இல்லை என்பதால் பழைய கதை ஒன்று.

2018இல் கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயிலிருந்து கடலோர ஊரான ஃபோர்ட் பிராக் போனோம். ஓல்ட் ரஸ்புடினைக் காய்ச்சும் நார்த் கோஸ்ட் மதுவடிப்பகம் அங்கேதான், 1988இலிருந்து. குடும்பத்துக்குச் சொன்ன காரணம் கண்ணாடிக் கடற்கரை. அந்தக் காலத்தில் ஊர்க் குப்பையைக் கடலில் கொட்டினார்கள், கடல் பாட்டில் துண்டுகளைக் கூழாங்கல்லாக உருட்டித் திருப்பித் தந்தது. பையன் கூழாங்கல் பார்த்தான், நான் பார் பார்த்தேன். நைட்ரோ குழாயில் ஊற்றினார்கள். நைட்ரஜன் குமிழி ரொம்பச் சிறிசு, நாக்கில் குத்தாது, பாலாடை மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் வாசனை பாதியாகிவிடும். எனக்குப் பாட்டில்தான் பிடித்தது. பக்கத்து ஸ்டூலில் இருந்தவர் இதைக் கேட்டு ஒரு மாதிரி பார்த்தார்.

வழியில் பூன்வில். ஆண்டர்சன் வேலி மதுவடிப்பகம் அங்கே, பார்னி ஃபிளாட்ஸ் என்ற ஓட்மீல் ஸ்டவுட் அவர்களுடையது, 5.8 சதவீதம், மிருதுவான சரக்கு. அந்தப் பள்ளத்தாக்குக்கென்றே ஒரு ரகசியப் பாஷை இருந்தது, பூன்ட்லிங் என்று பெயர். வெளியூர்க்காரனுக்குப் புரியக் கூடாது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஊரே சேர்ந்து கட்டிய பாஷை. அதில் காபிக்கு "ஸீஸ்". இசட் சி என்று முதலெழுத்துகள் கொண்ட ஒரு ஆசாமி போட்ட கடுங்காபியின் நினைவாக. ஒரு மனுஷன் டிகாக்‌ஷனைத் தூக்கலாகப் போட்டதற்கு ஊர் ஒரு சொல்லையே எழுதிக் கொடுத்துவிட்டது. 13ஆம் தேதி நான் சொன்னதும் இதுதான்: சொல் உள்ளூரிலிருந்து வந்தால் ஒட்டிக்கொள்கிறது.

26 நவம்பர்

"ரஸ்புடினுக்கும் ஸ்டவுட்டுக்கும் என்ன சம்பந்தம்?" ஒன்றுமில்லை. கடைசி ஜாரின் அரண்மனையில் செல்வாக்கோடு இருந்த ரஷ்யச் சாமியார் அவர், மடெய்ரா ஒயின் ரசிகர். ரஷ்யச் சம்பந்தம் அவருக்கு நூறு வருஷம் முந்தியது. லண்டன் சதர்க்கில் த்ரேல் மதுவடிப்பகத்திலிருந்து ரஷ்ய அரண்மனைக்கு வலுவான போர்ட்டர் போனது. 1796இல் ஜோசப் ஃபாரிங்டன் என்ற ஓவியர், தான் குடித்தது ரஷ்யப் பேரரசிக்காகவே காய்ச்சியது, ஏழு வருஷம் கெடாது என்று சொன்னார்கள் என நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். பால்டிக் குளிரில் உறையாமலும் கப்பலில் கெடாமலும் இருக்கத்தான் இவ்வளவு ஆல்கஹால்.

27 நவம்பர், மறுபடி திருத்தம்

கடைசி வாக்கியத்தை வாபஸ் வாங்குகிறேன். அது பார் கதை. சாதாரண வலுவுள்ள போர்ட்டரும் அதே கடலில் போய்ச் சேர்ந்திருக்கிறது. அவர்களுக்கு வலுவான சரக்கு பிடித்திருந்தது, காசும் இருந்தது. அவ்வளவுதான் காரணம் என்றால் கதை சுவைக்காது, அதனால் உறைபனியைச் சேர்த்துவிட்டார்கள்.

3 டிசம்பர்

இதை எழுதலாமா என்று மூன்று வாரம் யோசித்தேன்.

13ஆம் தேதி துவர்ப்பு பற்றிப் பெருமை அடித்தேன் அல்லவா? சில வருஷம் முன்னால் வீட்டில் காய்ச்சுகிறவர்களுக்கான ஒரு போட்டியில் ஸ்டவுட் மேஜையில் நடுவராக இருந்தேன். எதிரில் ஒரு பெண்மணி, என்னைவிட அனுபவசாலி. முதல் இம்பீரியல் ஸ்டவுட்டுக்கு நான் 24 போட்டேன். "கடுமையான துவர்ப்பு, உமியை அலசிய விதம் தப்பு" என்று உபதேசம் வேறு எழுதினேன். அவர் 37. நடுவர்களுக்குள் ஏழு மதிப்பெண்ணுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பேசித் தீர்க்க வேண்டும். அவர் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "காலையில் என்ன குடித்தாய்?"

வரும் வழியில் காரில் ஒரு பிளாஸ்க் டீ. பாலில்லாமல், அரை மணி ஊறியது.

துவர்ப்பு என் வாயில் இருந்தது. ரொட்டி தின்று, தண்ணீர் குடித்து, பத்து நிமிடம் கழித்துத் திரும்பக் குடித்தேன். 35. அந்தத் தாளில் அடித்து எழுதிய என் கையெழுத்தைப் பார்த்து அதைக் காய்ச்சியவர் என்ன நினைத்திருப்பாரோ. சொல் கையில் இருப்பது ஒரு வசதி. வசதியாக இருப்பதாலேயே பார்த்த இடத்திலெல்லாம் அதை ஒட்டிவிடவும் தோன்றுகிறது.

இன்னொன்று: துவர்ப்பை அந்தத் தாளில் சுவையில் சேர்க்க மாட்டார்கள், வாய் உணர்வில் சேர்ப்பார்கள். டீயிலும் உமியிலும் இருக்கும் டானின் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் வரும் வறட்சி அது. ஆக நம் அறுசுவைக் கணக்கை அப்படியே அங்கே பொருத்த முடியாது. இதையும் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

17 டிசம்பர்

முக்கோணப் பரீட்சை வைத்தேன். மூன்று கிளாஸ், இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு. எது வேறு என்று சொல்ல வேண்டும். கண்ணை மூடிக் குத்தினாலே மூன்றில் ஒரு வாய்ப்பு உண்டு, அதனால் ஒருமுறை சரியாகச் சொன்னால் துள்ளக் கூடாது.

பீர் இரண்டும் ஓல்ட் ரஸ்புடின். ஒன்று போன வாரம் வாங்கியது. மற்றது நான் செய்த பாவம்: 2021இல் கராஜில் ஒரு பெட்டிக்குப் பின்னால் வைத்து மறந்து, மூன்று கோடை வெந்தது. மனைவி சமையலறையில் ஊற்றி எடுத்துவந்தார். அவர் குடிப்பதில்லை.

ஃபிரிட்ஜ் குளிரில் முதல் சுற்று. இரண்டாவது கிளாஸ் என்றேன், ரொம்பத் தெளிவாக, காரணங்களோடு. தப்பு.

நாற்பது நிமிடம் கழித்துக் கிளாஸின் வெளிப்பக்கம் வியர்வை காய்ந்த பிறகு இரண்டாம் சுற்று. இடம் மாற்றி வைத்திருந்தார். இந்த முறை முதல் கிளாஸை மூக்கருகே கொண்டுபோனதுமே சோயா சாஸ். பக்கத்தில் கொஞ்சம் ஷெர்ரி ஒயின். சுவையில் நடுப்பகுதி காலி, நுரையும் சோர்ந்து கிடந்தது. சரியாகச் சொன்னேன்.

அப்புறம் சும்மா கேட்டேன், நீயும் மோந்து பார்க்கிறாயா என்று. மூன்றையும் வரிசையாக மோந்தார். இரண்டு நொடிகூட ஆகவில்லை.

"இதுதாங்க. பழம்புளி ஜாடியைத் திறந்த மாதிரி இருக்கு."

நான் நோட்டில் எழுதியிருந்த "ஆக்ஸிஜனேற்றம், சோயா, ஷெர்ரி" மூன்றையும் அடித்தேன். பழம்புளி. அந்தக் கறுப்பு, உப்பு கலந்த வாடை, ஒரு பக்கம் இனிப்பாக, இன்னொரு பக்கம் கெட்டுப்போகிறதா இல்லையா என்ற சந்தேகத்தோடு. இதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது. நானும் அந்த ஜாடியைத் திறந்த வீட்டில் வளர்ந்தவன்தான். ஆனால் நோட்டைத் திறந்ததும் எனக்கு வாய் இங்கிலீஷாகிவிடுகிறது.

18 டிசம்பர்

"குடிக்காதவர் எப்படிச் சரியாகச் சொன்னார்?" அவருக்கு எது வர வேண்டும் என்று யாரும் சொல்லிவைக்கவில்லை. தவிர, தினம் சாம்பார் பொடி பழசாகிவிட்டதா என்று மோந்து பார்க்கிற மூக்கு.

ஊற்றியவரே அவர்தானே, எது பழசு என்று முன்பே தெரியுமே என்று கேட்டவருக்கு: நியாயம். அது பரீட்சையே ஆகாது. சொல்லை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

6 ஜனவரி 2024

டொராண்டோவிலிருந்து ஒரு யாழ்ப்பாணத்துக்காரர்: "லயன் ஸ்டவுட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஏன் இந்த ஓரவஞ்சனை?"

ஓரவஞ்சனை இல்லை, கடையில் கிடைக்கவில்லை. இப்போது கிடைத்தது. 8.8 சதவீதம். இலங்கை மலையில் நுவரெலியாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கிய மதுவடிப்பு, இப்போது பியகமவில். பிரிட்டிஷ் பீர் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் (பாட்டுக்காரர் இல்லை, தாடிக்காரர்) நுவரெலியாவுக்கே போய்க் குடித்து உலகத்துக்குச் சொன்ன சரக்கு.

இதைப் பிஜேசிபி இம்பீரியலில் சேர்க்காது, வெப்பமண்டல ஸ்டவுட் என்று தனி வகை. இனிப்பு தூக்கல், கசப்பு அடக்கம், பழ வாசனை அதிகம். இந்த வகையில் பலதும், வழக்கமாகக் குளிரில் வேலை செய்யும் லாகர் ஈஸ்ட்டைச் சூடாகப் புளிக்கவிட்டுச் செய்வது. வேடிக்கை என்னவென்றால் அந்த வகைக்கு மேல் எல்லை 8 சதவீதம். உதாரணமாக அவர்களே பட்டியல் போடும் லயன் அதைத் தாண்டி நிற்கிறது.

13 டிகிரியில், பிராந்தி கிளாஸில். மோந்ததும் கருப்பட்டி, சந்தேகமே இல்லை. பின்னால் அத்தி, கொஞ்சம் ரம்மில் ஊறிய கேக். வாயில் கனம், ஆனால் ஒட்டவில்லை. கருகல் கடைசியில் மெல்ல வந்து கணக்கை முடித்துவைக்கிறது. 41 போட்டேன். இது கைவினைச் சரக்கு இல்லை, பெரிய தொழிற்சாலைச் சரக்கு. விலை ஓல்ட் ரஸ்புடினைவிடக் குறைவு. ஓல்ட் ரஸ்புடினுக்கு நான் போடுவது 40. சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

7 ஜனவரி

வந்தார்கள். டொராண்டோக்காரர் சொல்கிறார், அவருடைய அப்பா அதில் சாராயம் விட்டுக் குடிப்பாராம். ஈப்போவிலிருந்து ஒருவர், தாத்தா ஸ்டவுட்டில் பச்சை முட்டை உடைத்து ஊற்றுவார், உடம்புக்கு நல்லது என்று. முட்டைக்குப் பிஜேசிபி தாளில் கட்டம் இல்லை.

20 ஜனவரி

ஒரு புலம்பல். 27 டாலர் கொடுத்து ஒரு பாட்டில் வாங்கினேன். யார் காய்ச்சியது என்று சொல்ல மாட்டேன். போர்பன் விஸ்கிப் பீப்பாயில் ஊறியது, 13 சதவீதம், கூடவே வனிலா, தேங்காய், மேப்பிள், மார்ஷ்மெல்லோ. பேஸ்ட்ரி ஸ்டவுட் என்கிறார்கள். மூன்று வாய் குடித்தேன். மைசூர்பாகைக் கரைத்துக் கொடுத்த மாதிரி, அதுவும் நெய் இல்லாத மைசூர்பாகு. சர்க்கரைக்குப் பின்னால் பீர் எங்கேயோ ஒளிந்திருக்கிறது, கூப்பிட்டால் வரவில்லை.

பீப்பாய் மேல் எனக்குக் கோபம் இல்லை. இதே ஓல்ட் ரஸ்புடினைப் போர்பன் பீப்பாயில் ஊறவைத்ததும் குடித்திருக்கிறேன், மரம் பீருக்குத் துணையாக நின்றது. எல்லாவற்றையும் பொட்டலத்திலிருந்து கொட்டும்போதுதான் இந்த இழையின் முதல் கேள்வி திரும்பி வருகிறது. சாக்லேட் வாசனை வரவில்லை என்று ஆள் ஆளுக்குக் குறைப்பட்டார்கள், சரி, சாக்லேட்டையே போட்டுவிடுவோம் என்று முடிவெடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

21 ஜனவரி

மேலே எழுதியதைக் காலையில் படித்தேன். கொஞ்சம் வயசானவன் பேச்சு. அந்த பாட்டிலின் மீதியை நண்பர் மகள் குடித்துவிட்டு "இதுவரை குடித்ததிலேயே இதுதான் பெஸ்ட், அங்கிள்" என்றாள். ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.

4 பிப்ரவரி

இழையைத் தொடங்கியவர் திரும்பி வந்தார். மிச்சமிருந்த கடைசி பாட்டிலை வெளியே எடுத்து வைத்து, கிளாஸில் ஊற்றி, டிவியை அணைத்துக் குடித்தாராம். அவர் எழுதியது அப்படியே:

"சாக்லேட் இன்னும் வரவில்லை. முதல் வாய் அதே கருகல்தான். பாதி கிளாஸில் எங்கள் அம்மாயி கருப்பட்டிப் பாகு காய்ச்சும்போது அடுப்பில் வழிந்து தீய்ந்த வாசனை வந்தது. கூடவே அடுப்பும் வந்தது. மதிப்பெண் போடத் தெரியவில்லை. இன்னும் நாலு பாட்டில் வாங்கியிருக்கிறேன்."

4 பிப்ரவரி, இரவு

கராஜ் பாட்டில் இன்னொன்று கடைசியாக ஒளிந்திருந்தது. இன்று திறந்துவிட்டேன். வாசனை 6, தோற்றம் 2, சுவை 11, வாய் உணர்வு 3, ஒட்டுமொத்தம் 5. மொத்தம் 27. மனைவி மோந்து பார்த்துவிட்டு 20 என்றார், புளியோதரைக்கு ஆகுமா என்றும் கேட்டார்.